இருபத்தெட்டு, ஒன்றரை

திருப்பூரில் எண்களுக்குப் பஞ்சமில்லை. நூல் வாங்கப் போனால் முப்பதா, நாற்பதா என்று கேட்பார்கள். அது நூலின் கனத்தைக் குறிக்கும் எண் அன்று. ஒரு ராத்தல் பஞ்சிலிருந்து 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை இழுக்கலாம் என்னும் கணக்கு. ஆகவே எண் ஏற ஏற நூல் மெலியும். நிட்டிங் கம்பெனிக்குள் நுழைந்தால் டயா, கேஜ் என்று வேறு இரண்டு எண்கள். 30 டயா, 24 கேஜ் என்றால் 30 அங்குல விட்டமுள்ள வட்டத்தில் அங்குலத்துக்கு 24 ஊசிகள். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 2260 ஊசிகள் ஒரு சேர ஏறி இறங்குகின்றன என்று பொருள். காதர்பேட்டைக் கடைகளில் 80, 85, 90 என்று பனியன் கேட்கிறவர்கள் தம் மார்பளவைச் சென்டிமீட்டரில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை எண்களைத் தலைகீழாக ஒப்பிக்கும் ஊரில், காலையும் இரவும் ஏறி மிதிக்கும் சைக்கிளின் டயர் ஓரத்தில் புடைப்பாக அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் ஏனோ எவரும் படிப்பதில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதோடு சரி.

நாங்கள் ஒன்பது குடும்பத்தார், ஊத்துக்குளி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், எதிரெதிராக இரண்டு வரிசையில் அமைந்த லைன் வீட்டில் குடியிருக்கிறோம். டெய்லர், செக்கிங், கைமடி, நிட்டிங், அயர்னிங், ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு என்று ஒரு பனியன் பிறந்து பெட்டிக்குள் போகும் வரையிலான வேலைகளில் பெரும்பாலானவை எங்கள் வாசலுக்குள்ளேயே அடங்கிவிடும். எங்களில் மூவருக்குப் புத்தகம் படிக்கும் பழக்கம் உண்டு. ஞாயிறு மாலைகளில் திண்ணையில் அமர்ந்து கு. அழகிரிசாமியைப் பற்றியும் ஆர். சண்முகசுந்தரத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்போம். அப்படிப்பட்ட ஞாயிறுகளில் ஆறேழு, டயர் ட்யூப் பற்றிய பேச்சிலேயே கழிந்தன. ஒரு நாவலைப் பற்றி விவாதித்தபோது இருந்த சூட்டுக்கு எள்ளளவும் குறையாமல்தான் அதுவும் நடந்தது என்பதால் இங்கே எழுதத் துணிகிறோம்.

வாசலில் நான்கு மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன, சைக்கிள்கள் பதினொன்று. கம்பெனி இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிறவர்களுக்குச் சைக்கிள் போதும். டவுன் பஸ் வருகிற நேரத்துக்கும் ஷிப்ட் விடுகிற நேரத்துக்கும் பல இடங்களில் பொருத்தமில்லை. காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரை, ஒன்பது வரை நீளும் நாளை இங்கே ஒன்றரை ஷிப்ட் என்பார்கள். நிட்டிங்கில் இருப்பவர்களுக்கோ எட்டிலிருந்து எட்டு. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. நேரத்துக்கு வராதவனின் மிஷினில் வேறொருவர் நின்றுவிடுவார். அன்றைய கூலி அவருக்குப் போய்விடும். சனிக்கிழமை கூலியைக் கையில் வாங்கும்போதுதான் அந்த ஒரு ராத்திரியின் எடை தெரியும்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில், நான்காம் வீட்டு அண்ணனுக்கு அப்படி ஒரு ராத்திரி போயிற்று. பின்சக்கர டயர் கிழிந்து ட்யூபும் வெடித்திருந்தது. பகலெல்லாம் உறங்கி எழ வேண்டியவர் என்பதால் அவருடைய மனைவியே கடைக்குப் போய், சைக்கிளுக்கு இருபத்தாறு டயரும் ட்யூபும் கேட்டு வாங்கி வந்தார். கடைக்காரர் இருபத்தாறுதான் கொடுத்தார். டயரில் 26 என்று தெளிவாக எழுதியும் இருந்தது. ஆறரை மணிக்கு அதை மாட்ட உட்கார்ந்தவர்கள் ஏழேகால் வரை போராடினார்கள். இரண்டு ஸ்பேனர்கள், ஒரு தட்டையான ஸ்க்ரூ டிரைவர், மூன்று ஆண்பிள்ளைகளின் பலம் எதற்கும் அந்த டயர் ரிம்மின் மேல் ஏறவில்லை. பழைய டயரின் ஓரத்தைத் துடைத்துப் பார்த்தோம். அதிலும் 26தான். அண்ணன் நடந்து போனார். போய்ச் சேர்ந்தபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, வேறொருவர் நின்றிருந்தார்.

இரண்டும் 26, ஒன்றில் மற்றொன்று ஏறாது. இந்த விந்தையைத் துருவத் தொடங்கியதுதான் எங்கள் சைக்கிள் ஆராய்ச்சியின் தோற்றுவாய்.

பழைய டயரில் இருந்தது 26 × 1⅜. புதியதில் இருந்தது 26 × 1.95. முன்னது பெண்கள் சைக்கிளிலும் பையன்கள் சைக்கிளிலும் நெடுங்காலமாகப் புழங்குகிற அளவு. பின்னது குண்டு டயர் போட்ட மலைச் சைக்கிள்களுக்கு உரியது. காற்றடித்த பிறகு வெளிச்சுற்றை அளந்தால் இரண்டுக்கும் ஒரு விரற்கடை அளவுதான் வேற்றுமை. ஏறத்தாழ 26 அங்குலம் என்று இரண்டையுமே சொல்லலாம், பொய்யில்லை. ஆனால் டயரின் கம்பி ஓரம் ரிம்மில் அமர்கிற இடத்தின் விட்டம் முன்னதில் 590 மில்லிமீட்டர், பின்னதில் 559. 31 மில்லிமீட்டர் வேற்றுமையைச் சுற்றளவாக்கினால் கிட்டத்தட்ட நான்கு அங்குலம் வரும். டயரின் ஓரத்தில் இருப்பது எஃகுக் கம்பி. அது அரை அங்குலம்கூட நீளாது. மூன்று ஆண்பிள்ளைகள் தோற்றதில் வியப்பொன்றுமில்லை. மெலிந்த டயருக்குச் சிறிய ரிம்மும் குண்டு டயருக்குப் பெரிய ரிம்மும் இருக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெளிவிட்டம் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் குண்டு டயருக்குத்தான் ரிம் சிறுத்தாக வேண்டும்.

இதை நாங்கள் காகிதத்தில் வட்டம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது, நான்காம் வீட்டு அண்ணன் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். "ஏனுங், இதுல மிசினு டயாவச் சொல்றாங்களா, துணி டயாவச் சொல்றாங்களா?" நிட்டிங் அறியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும்: மிஷினின் விட்டம் ஒன்று. அதிலிருந்து குழாய்போல இறங்கும் துணி சாயமேறி, காம்பாக்டிங் முடிந்து வரும்போது அதன் அகலம் வேறொன்று. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அனுப்பினால் கட்டிங் மாஸ்டர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். சைக்கிள் டயரில் நாம் வாயால் சொல்லும் அங்குலம் துணி டயா. ரிம்மில் அமரும் விட்டம் மிஷின் டயா. இதைவிடத் தெளிவான விளக்கத்தை நாங்கள் வேறெங்கும் படிக்கவில்லை.

இந்தக் குழப்பத்தின் வேர் தேடிப் போனால் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப் வரை போக வேண்டியிருக்கிறது. தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர் வளையம் செய்து பார்த்து, 1888இல் காப்புரிமை பெற்றவர் அவர். (அவருக்கு நாற்பதாண்டுகள் முன்பே, 1845இல், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் அதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார், சைக்கிள் பிறக்கும் முன்பே டயர் பிறந்துவிட்டது என்பதால் அப்போது எவரும் அதைச் சட்டை செய்யவில்லை.) 1891இல் மிஷெலின் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கொண்டுவந்தார்கள். அளவுகளைப் பெயரிட்டவர்கள் காற்றடித்த டயரின் வெளிவிட்டத்தைத்தான் பெயராக வைத்தார்கள். அந்நாளில் அது நியாயமே. பின்னர் அதே ரிம்முக்கு மெலிந்த டயர்களும் பருத்த டயர்களும் வந்தன. வெளிவிட்டம் மாறிற்று, பெயர் மாறவில்லை. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு ஆலையும் தத்தம் இருபத்தாறை வைத்துக்கொண்டன.

பிரெஞ்சுக்காரர்கள் மில்லிமீட்டரில் 700, 650 என்று பெயரிட்டு, டயரின் பருமனுக்கு ஏ, பி, சி என எழுத்துகளைச் சேர்த்தார்கள். ஏ மெலிந்தது, சி பருத்தது. வெளிவிட்டம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க வேண்டுமென்பதால் ஏயைக் காட்டிலும் பிக்கும், பியைக் காட்டிலும் சிக்கும் ரிம் சிறுத்தது. 700சி என்று இன்று கூலிங் கிளாஸ் அணிந்து விற்கப்படுகிற சக்கரத்தின் ரிம் விட்டம் 622. அதன் மூத்த உடன்பிறப்பான 700பியின் விட்டம் 635. இந்த 635தான் நம் ஊர்ப் பெரிய சைக்கிளின், அதாவது இருபத்தெட்டு ஒன்றரையின் அளவு! தபால்காரர், பால்காரர், ஜவுளி மூட்டைக்காரர் எல்லாரும் மிதித்த அந்தக் கறுப்புச் சைக்கிளுக்குப் பிரெஞ்சுப் பெயரொன்று இருக்கிறதென்பது எங்களுக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது. அண்ணனின் 590க்கும் அவ்வாறே 650ஏ என்று பெயர் உண்டு. இன்னொரு வேடிக்கை: 29 அங்குலம் என்று இப்போது விளம்பரப்படுத்தப்படும் சைக்கிளின் ரிம் அதே 622தான். ஆக, தாத்தாவின் இருபத்தெட்டு பேரனின் இருபத்தொன்பதைவிட 13 மில்லிமீட்டர் பெரியது. தாத்தாக்கள் இதைக் கேட்டால் வியப்படையப் போவதில்லை.

பின்னங்களும் பொய் சொல்லும். பள்ளிக்கூடக் கணக்கில் 1.75ம் ஒன்றேமுக்காலும் ஒன்றுதான். டயர்க் கணக்கில் அப்படி அன்று. 26 × 1.75 என்றால் ரிம் 559. 26 × 1¾ என்று பின்னமாக எழுதியிருந்தால் 571. கணக்கு வாத்தியார் எவரும் ஒப்புக்கொள்ளாத இந்த விதியை மனத்தில் இருத்திக்கொண்டால், புள்ளி போட்ட அளவுக்குப் புள்ளி போட்டதையும் கோடு போட்ட அளவுக்குக் கோடு போட்டதையுமே வாங்க வேண்டும் என்று விளங்கும். ஒன்று மூன்று பை எட்டு என்று கடைகளில் தடுமாறிச் சொல்லும் 1⅜ஐ நம் பழங்கணக்கில் ஒன்றேகாலே அரைக்கால் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கால், அரைக்கால் இரண்டையும் கூட்டினால் மூன்று பை எட்டு. வெள்ளைக்காரனின் அங்குலத்தை அளக்க வாய்த்த சொற்கள் போல இருக்கின்றன. இனிக் கடையில் அப்படிக் கேட்போமா என்று எங்களில் ஒருவர் யோசனை சொன்னார். கடைக்காரரின் முகத்தை எண்ணி அதைக் கைவிட்டோம்.

இந்தப் பொய்களுக்கெல்லாம் முடிவு கட்ட ஐரோப்பிய டயர், ரிம் தொழில்நுட்ப அமைப்பு ஒரு வழி செய்தது. பின்னர் அது உலகத் தர நிர்ணயமும் ஆயிற்று. 37-590, 40-635, 47-559 என்று கோடிட்ட இரட்டை எண் அது. முதலெண் டயரின் பருமன், இரண்டாமெண் ரிம்மில் அமரும் விட்டம், இரண்டுமே மில்லிமீட்டரில். புதிய டயர்களில் பெரும்பாலும் அங்குலத்துக்குப் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் இருக்கும். இரண்டாமெண் ஒன்றாயிருந்தால் டயர் ஏறும்; இல்லையேல் ஏறாது. ஏறினாலும் நிற்காது. இந்தக் கடைசிச் சொல் முக்கியமானது. 590 டயரை 584 ரிம்மில் எளிதாக மாட்டிவிடலாம், 6 மில்லிமீட்டர்தானே. காற்றடித்து ஏறி மிதித்தபின் எந்த வளைவில் அது ரிம்மை விட்டு எழும்பும் என்பது யாருக்கும் தெரியாது. ஏறாத டயரால் ஒரு ஷிப்ட் போகும். ஏறிவிட்ட தவறான டயரால் பல் போகும்.

அண்ணனுக்கு நேர்ந்ததற்குப் பிறகு, வாசலில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பெட்டி வைப்பதென்று முடிவாயிற்று. கடைகள் அடைத்திருக்கும் நேரத்தில் எவர் சைக்கிள் பஞ்சரானாலும் அதிலிருந்து ஒரு ட்யூப் எடுத்துக்கொள்ள வேண்டியது. ஞாயிறுக்குள் ஒட்டிய ட்யூபோ புதியதோ திருப்பி வைக்க வேண்டியது. வீட்டுக்கு ஒரு சிறு தொகை போட்டோம். பதினொரு சைக்கிளுக்கும் பதினொரு ட்யூப் வாங்கப் பணமும் இல்லை, இடமும் இல்லை. எத்தனை போதும், எவை என்பதே கேள்வி.

ஒரு ஞாயிறு காலை எல்லாச் சைக்கிள்களையும் தலைகீழாக நிறுத்தினோம். டயரோரங்களைச் சாக்குத் துணியால் துடைத்துச் சாக்கட்டியைக் குறுக்கே தேய்த்தால் தேய்ந்த எழுத்தும் மேலே தெரியும். கல்வெட்டுக்காரர்களுக்கு இது புதிதன்று. எழுத்தே இல்லாத டயர்கள் இரண்டு இருந்தன. அவற்றைக் கழற்றி ரிம்மைச் சுற்றி நூல் ஓட்டி, அந்த நூலை டெய்லர் அக்காவின் இஞ்ச் டேப்பில் வைத்து அளந்தோம். ரிம்மின் விளிம்பு டயர் அமரும் இடத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கும் என்பதால் அளவு கொஞ்சம் கூடித்தான் காட்டும். ஆனாலும் 635க்கும் 590க்கும் 559க்கும் இடையே உள்ள வேற்றுமை மிகப் பெரிது, மயங்க இடமில்லை.

கிடைத்த கணக்கு இது: இருபத்தெட்டு ஒன்றரை மூன்று. அவற்றுள் ஒன்று எட்டாம் வீட்டுப் பெரியவர் தம் தந்தையிடமிருந்து பெற்ற ஹெர்குலிஸ். 1949இல் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்தது. இன்னொன்று அட்லஸ். அந்த நிறுவனம் சாகிபாபாத்தில் இருந்த தன் ஆலையை 2020ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், உலக சைக்கிள் நாளன்றே நிறுத்தியது. கட்டிங் வேஸ்ட் மூட்டை ஏற்றிப் போகிற எங்கள் அட்லஸுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. ஒன்றேகாலே அரைக்கால் நான்கு. மலைச் சைக்கிள் வகை 559 இரண்டு. இரண்டும் பின்வரிசையில் தங்கியிருக்கும் ஒடிசாப் பையன்களுடையவை. கணக்கர் தம்பியின் 700 × 35 ஒன்று. ஆறாம் வகுப்புச் சிறுமியின் 20 அங்குலம் ஒன்று.

இங்கேதான் ட்யூபின் பெருந்தன்மை உதவிக்கு வருகிறது. டயரைப் போலக் கம்பி அதற்கில்லை, ரப்பர் மட்டுமே. ஓரளவு இழுத்தால் நீளும், காற்றடித்தால் விரியும். 635க்கு என்று செய்த ட்யூபை 622 ரிம்மில் போட்டால் சுற்றளவில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் மிகுதி. டயருக்குள் அது தானே அடங்கிவிடும். ட்யூப் செய்கிறவர்களே பெட்டியில் இரண்டு அளவையும் சேர்த்து அச்சிடுவதுண்டு. எனவே பெரியவரின் ஹெர்குலிஸுக்கும் கணக்கர் தம்பியின் ஏழுநூறுக்கும் ஒரே ட்யூப். தம்பிக்கு இதில் சற்றே மனக்குறை. பெரியவர் வெற்றிலையை மென்றபடி சிரித்தார். 559 குண்டு டயருக்கு ஆபத்துக்கு 1⅜ ட்யூபைப் போடலாம். பருமன் போதாமல் அது விரிந்து மெலியும், விரைவில் பஞ்சராகும், ஆனால் அன்றிரவு கம்பெனிக்குக் கொண்டு சேர்க்கும். மறுதலையாகச் செய்யக் கூடாது. பெரியதைச் சிறியதில் திணித்தால் மடிப்பு விழும். இருபத்தெட்டு ட்யூபை அண்ணனின் 590இல் போட்டால் ஐந்தரை அங்குல நீளம் மிச்சப்படும். அந்த மடிப்பு உருள உருள ஒன்றோடொன்று உரசி, சில நாட்களில் அங்கேயே பிளக்கும். வெளியில் முள்ளும் இருக்காது, ஆணியும் இருக்காது. காரணம் தெரியாமல் டயரைத் திட்டுவோம். சிறியது நீளும், பெரியது மடியும் என்பதை வேட்டி கட்டுகிறவர்களும் பனியன் போடுகிறவர்களும் எளிதில் ஒப்புக்கொள்வார்கள்.

பெரும் விவாதம் சிறுமியின் சைக்கிளைப் பற்றித்தான் மூண்டது. பெட்டி ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு. பிள்ளைகள் ஒரு நாள் நடந்தால் என்ன என்று ஒரு கட்சி. டெய்லர் அக்கா எதிர்க்கட்சி. "நாம ஷிப்டு போனா ஒரு நாக் கூலி போகும் கண்ணு. அதுக்குப் பள்ளிக்கூடம் போனா அந்தப் பாடத்த யாரு நடத்துவா?" அக்கா எட்டாவதோடு நின்று பவர் டேபிளில் உட்கார்ந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். எவரும் மறுபேச்சுப் பேசவில்லை. 20க்கு ஒரு ட்யூப் சேர்ந்தது. அதிலும் 20 × 1.75க்கு 406, 20 × 1⅜க்கு 451 என்று இரண்டு உண்டு. சிறுமியினுடையது 406. இறுதியில் பெட்டியில் அமர்ந்தவை: 1⅜ இரண்டு, இருபத்தெட்டு ஒன்றரை ஒன்று, 559க்குரிய 1.75 முதல் 2.125 வரையிலான ட்யூப் ஒன்று, 20 ஒன்று.

அளவு ஒத்துப்போனாலும் வால்வு ஒத்துப்போக வேண்டும். நம் ஊர்ச் சைக்கிள்களில் பெரும்பாலும் இருப்பது டன்லப் வால்வு. பித்தளைக் கூட்டுக்குள் ஒரு சிறு தண்டு. தண்டின் பக்கவாட்டில் ஒரு துளை. துளையை மூடியபடி மெல்லிய ரப்பர்க் குழல். பம்பு அடிக்கும்போது காற்று குழலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். நிறுத்தியதும் உள்ளேயிருக்கும் காற்று குழலைத் தண்டோடு அழுத்தித் துளையை அடைத்துவிடும். இந்த ரப்பர்க் குழலே வால்டியூப். ஆங்கிலச் சொல்தான் என்றாலும் வால் என்பது தமிழாகவே ஒலிப்பதால் பிள்ளைகள் அதை ட்யூபின் வால் என்றே எண்ணுவார்கள். வெயிலில் அது இற்றுப் போகும். பஞ்சர் என்று சொல்லிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருபவை பலவற்றில் ட்யூப் முழுதாகவே இருக்கும், வால்டியூப்தான் போயிருக்கும். வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைத்தால் குமிழி வரும். அப்படி வந்தால் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. அரை அங்குல வால்டியூப் போதும். பெட்டியில் ஒரு முழ நீளம் வாங்கி வைத்திருக்கிறோம். பதினொரு சைக்கிளுக்கும் வேண்டிய ட்யூப்களைவிட அது அதிகம் செலவாகிறது.

ஒடிசாப் பையன்களின் சைக்கிள்களில் மோட்டார் சைக்கிள் வால்வு. பெட்ரோல் பங்கில் காற்றடித்துக்கொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. அதன் தண்டு பருத்தது. ரிம் துளை சிறுத்திருந்தால் நுழையாது. துளையைப் பெரிதாக்கலாமென்று அரத்தைத் தேடுகிறவர்கள் உண்டு. மெல்லிய ரிம்மில் அதைச் செய்யாமலிருப்பது நல்லது. கணக்கர் தம்பியினுடையது பென்சில்போல மெலிந்த பிரெஸ்டா வால்வு. அதற்குரிய ரிம் துளை சிறியது. இருபத்தெட்டு ட்யூபின் டன்லப் வால்வு அதற்குள் நுழையவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஆகவே பெரியவரோடு அவர் பங்கிட்டுக்கொண்ட உறவு அங்கேயே முறிந்தது. தம் ட்யூபைத் தாமே வாங்கி இருக்கைக்கடியில் கட்டி வைத்துக்கொண்டார்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு செய்தி உண்டு. மழை படாத இடமென்று போர்வெல் மோட்டார் அறையைச் சொன்னார்கள். ஓடும் மின்மோட்டாரின் அருகே ஓசோன் உண்டாகும், அது ரப்பரை வெடிக்கச் செய்யும் என்பதால் வேண்டாமென்றோம். இப்போது மாடிப்படிக்குக் கீழே, வெயில் எட்டாத மூலையில் இருக்கிறது. ட்யூப்களின் மேல் முகப்பவுடரைத் தூவி, காற்றை முழுதும் எடுத்து, வால்வு உறுத்தாதபடி மடித்து, பனியன் வேஸ்டுத் துணியில் சுற்றி வைக்கிறோம். அந்தத் துணிக்கு இந்த ஊரில் குறைவா என்ன.

எங்கள் சந்து முனையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பெரியவரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. டயரில் எழுதியிருப்பதை அவர் படிப்பதில்லை. "டயரக் காட்டாதீங்க, ரிம்மக் காட்டுங்க" என்பார். ரிம்மின் உட்குழியில் விரலை ஓட்டிவிட்டு அளவைச் சொல்வார். எங்கள் இரட்டை எண்களை அவரிடம் சோதித்துப் பார்த்தோம்; ஒன்றிலும் அவர் தவறவில்லை. தண்ணீர்த் தொட்டி, உப்புத்தாள், சொல்யூஷன், பழைய ட்யூபில் வெட்டிய ஒட்டு, இவைதாம் அவருடைய தளவாடங்கள். ஒட்டுப் போடும் முன் டயரின் உட்புறத்தை ஒரு சுற்று தடவிப் பார்க்காமல் விடமாட்டார். உள்ளே தங்கிய முள் அடுத்த நாளே புதிய ட்யூபையும் குத்தும் என்று பலர் நினைப்பதில்லை. இந்தப் பக்கத்தில் குத்துபவை பெரும்பாலும் சீமைக்கருவேல முள். காங்கயம் பக்கம் கொரங்காட்டு வழியாகப் போய் வந்தால் கிளுவை வேலி முள். ஊருக்குள்ளே, கம்பெனிகள் பெருக்கித் தள்ளும் கழிவுத் துணியோடு வரும் முறிந்த தையல் ஊசி. அவர் டப்பாவில் அப்படி எடுத்த ஊசி முனைகள் ஒரு பிடி சேர்ந்திருக்கின்றன.

பெட்டி வைத்தால் அவர் பிழைப்பில் கை வைத்ததாகுமோ என்ற தயக்கம் எங்களுக்கு இருந்தது. நேரில் போய்ச் சொன்னோம். "வாலு டியூப்பு மாத்தறதெல்லாம் நீங்களே பாத்துக்கங்க, அதுல எனக்கென்ன வரப்போவுது. ஒட்டு மட்டும் வீட்ல போட்டுப் பழகாதீங்க" என்றார். அப்படியே ஒப்பந்தமாயிற்று. இரவில் கழற்றிய ட்யூப் மறுநாள் அவரிடம் போய் ஒட்டோடு திரும்பிப் பெட்டிக்குள் வரும். மூன்று ஒட்டுக்கு மேல் விழுந்ததை அவரே வைத்துக்கொண்டு புதியது வாங்கச் சொல்லிவிடுவார். மோட்டார் சைக்கிள்களில் ட்யூபில்லாத டயர் பெருகியபின் தம் கடைக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதை அவர் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார்.

பெட்டியோடு ஒரு நோட்டுப் புத்தகம் கட்டியிருக்கிறோம். தேதி, வீட்டு எண், எடுத்த ட்யூபின் இரண்டாமெண், திருப்பி வைத்த தேதி. மொழி வேறானவர்களும் எழுதுவதற்கு எண்கள் மட்டுமே போதுமென்பது வசதியாக இருக்கிறது. பின்வரிசைப் பையன்கள் 559 என்று எழுதித் தங்கள் எழுத்தில் கையொப்பமிடுகிறார்கள். தை மாதத்துக்குள் பதினான்கு பதிவுகள். அவற்றுள் ஒன்பது 590. அதனால் பங்குனியில் மூன்றாவதாக ஒரு 1⅜ வாங்கிச் சேர்த்தோம். நான்காம் வீட்டு அண்ணன் இருமுறை எடுத்திருக்கிறார், இருமுறையும் ஏழு மணிக்கு மேல், இருமுறையும் ஷிப்டுக்குப் போய்ச் சேர்ந்தார். சிறுமியின் 406 ஒரு முறை வெளியே போய் வந்தது. முழு ஆண்டுத் தேர்வு நடந்த வாரத்தில்.

இப்போது ஒன்பதாம் வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் ஒரு பழைய சைக்கிளோடு வந்திருக்கிறார்கள். இருபத்துநான்கு என்கிறார்கள். டயரில் எழுத்து ஒன்றுமில்லை. 24 × 1⅜ என்றால் 540, 24 × 1.75 என்றால் 507. பார்வைக்கு நடுத்தரமாக இருக்கிறது. அந்த வீட்டு அம்மாவுக்கு அடுத்த திங்கள் முதல் செக்கிங்கில் ஒன்றரை ஷிப்ட். ஞாயிறு காலை நூலும் இஞ்ச் டேப்பும் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.